தகட்டில் 2.5 டன் என்று இருந்தால் 2 டன்னைத் தயங்காமல் தூக்கலாமா?

கேள்வி: உரக்கொட்டகை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் உரக்கொட்டகையில் 14 மாதங்களாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி வருகிறேன். அதற்கு முன் அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினேன். எங்களிடம் இருப்பது ஜப்பானில் பயன்படுத்தப்பட்டு, இங்கே செப்பனிட்டு விற்கப்பட்ட பழைய டீசல் வண்டி. அதன் தகட்டில் ஜப்பானிய எழுத்துகளோடு 2500 கிலோ என்றும் 500 மில்லிமீட்டர் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது எண் எதைக் குறிக்கிறது என்று இதுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

முன்பெல்லாம் உரம் 50 கிலோ மூட்டைகளாக வரும். ஒரு பேலட்டில் 20 மூட்டைகள் அடுக்கி ஒரு டன்னாகத் தூக்குவோம். அப்போது எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. கடந்த சில மாதங்களாக ஒரு டன் கொள்ளும் ஜம்போ பைகள் வருகின்றன. ஒவ்வொரு பையும் ஒரு பேலட்டின் மேல் நிற்கிறது. லோரிகள் வரிசையில் காத்து நிற்பதால் நேரத்தை மிச்சப்படுத்த எண்ணிய எங்கள் ஸ்டோர் கிராணி (கிடங்கு எழுத்தர்), வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் ஃபோர்க்குகளின் மேல் மாட்டும் 2 மீட்டர் நீள இரும்பு உறைகள் இரண்டை வாங்கி வந்தார். அவற்றை மாட்டிக்கொண்டு, ஒன்றின் முன் ஒன்றாக இரண்டு பேலட்டுகளையும் ஒரே தடவையில் தூக்கச் சொல்கிறார். இரண்டு பைகளும் சேர்ந்து 2 டன்தான், வண்டியோ 2.5 டன் வண்டி, இன்னும் அரை டன் மீதம் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

வண்டியும் தூக்கத்தான் செய்கிறது. ஆனால் சென்ற வாரம் லோரித் தட்டின் உயரத்துக்குச் சுமையை ஏற்றி முன்னே நகர்ந்தபோது ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகிவிட்டது. சக்கரம் திரும்பியது, ஆனால் வண்டி திரும்பவில்லை. வண்டியைத் திருப்பும் பின்சக்கரங்கள் தரையைச் சரியாகத் தொடவில்லை என்பதை உடம்பே உணர்ந்தது. கிராணி கெட்ட மனிதர் அல்லர். அடைமழை தொடங்குமுன் உரத்தைப் போட்டு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருக்கிறது. அவரிடம் பேச எனக்குச் சரியான கணக்கு வேண்டும். அவர் கணக்கில் எங்கே பிழை இருக்கிறது? ஒவ்வொரு சுமைக்கும் முன்னால் ஓட்டுநரே போட்டுப் பார்க்கக்கூடிய எளிய விதி ஏதேனும் உண்டா?

மறுமொழி: பழைய பட்டறை, ஈப்போ

தம்பி, முதலில் அந்த உறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, இதைப் படியுங்கள். ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கும் தொழிலில் 26 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பின்சக்கரம் இலேசாவதை ஓட்டுநர் உணர்ந்த பிறகு எஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலோ பிரேக்கைச் சற்று அழுத்தி மிதித்தாலோ வண்டி முன்னால் குப்புறச் சாய்ந்துவிடும்.

உங்கள் தகட்டில் உள்ள 2500 என்ற எண் தனியாக நிற்பதில்லை. அதன் அருகில் உள்ள 500 மில்லிமீட்டர் என்பதும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஃபோர்க் செங்குத்தாக எழும்பும் முகத்திலிருந்து சுமையின் எடை மையம் வரை உள்ள கிடைத் தூரம் அது. அதைச் சுமை மையம் என்போம். சுமையின் மையம் 50 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே 2500 கிலோ என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அதற்கு அப்பால் போகப் போக அந்த எண் குறைந்துகொண்டே வரும்.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ரப்பர் தோட்டத்துக் கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் வாங்க வருகிற வியாபாரிகள் டாச்சிங் தராசு வைத்திருப்பார்கள். ஒரே கோல், அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கயிறு, ஒரே சிறிய எடைக்கல். அந்தக் கல்லைக் கோலின் நுனிப் பக்கம் நகர்த்த நகர்த்த, அதே கல் பெரிய மூட்டையைத் தூக்கி நிறுத்தும். கல்லின் எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. ஃபோர்க்லிஃப்ட்டும் அப்படிப்பட்ட ஒரு கோல்தான். முன்சக்கரத்தின் அச்சு அதன் பிடிப்புக் கயிறு. பின்னால் இருக்கும் வார்ப்பிரும்பு எடைக்கட்டி ஒரு பக்கம், சுமை மறுபக்கம். எடைக்கட்டி அதே இடத்தில் இருக்க, சுமையை மட்டும் நுனிக்குத் தள்ளினால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று கிராணியையே கேளுங்கள்.

உங்கள் நிலையில் ஒரு மீட்டர் ஆழமுள்ள இரண்டு பேலட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. மொத்த நீளம் 2 மீட்டர் என்றால் எடை மையம் 1 மீட்டரில் விழும். கைக்கணக்காகப் போட்டுப் பார்க்க எளிய விதி ஒன்று உண்டு. தகட்டில் உள்ள எடையைத் தகட்டில் உள்ள சுமை மையத்தால் பெருக்கி, உங்கள் சுமையின் மையத்தால் வகுக்க வேண்டும். 2500ஐ 50ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 1250 கிலோ வருகிறது. நீங்கள் தூக்கியதோ பைகள் மட்டுமே 2000 கிலோ. அதற்கு மேல் பேலட்டுகளின் எடையும், இரும்பு உறைகளின் எடையும் இருக்கின்றன. உறையும் சுமைதான் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

"வண்டி தூக்கியதே" என்று கிராணி கேட்பார். தூக்கும், ஏனென்றால் ஹைட்ராலிக்குக்கு எடை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. 2500 கிலோவைத் தூக்குவதற்காக அமைக்கப்பட்ட சிலிண்டர், 2100 கிலோ ஃபோர்க்கின் நுனியில் இருந்தாலும் தடையில்லாமல் தூக்கிவிடும். கவிழ்வதா நிற்பதா என்பதைச் சிலிண்டர் முடிவு செய்வதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. செப்பனிட்டு விற்கப்பட்ட வண்டிகளில் தகட்டையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானிய வண்டிகளின் மாடல் பெயரில் 25 என்று வந்தால் பொதுவாக 2.5 டன், 30 என்று வந்தால் 3 டன். மாடல் 25 ஆகவும், பக்கவாட்டில் ஒட்டிய எழுத்து 3 டன் ஆகவும் இருந்த ஒரு வண்டியை என் கையாலேயே பழுது பார்த்திருக்கிறேன். மாஸ்ட்டை (ஃபோர்க்கை மேலே ஏற்றும் செங்குத்துச் சட்டத்தை) மாற்றிவிட்டுப் பழைய தகட்டை அப்படியே விட்டிருந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அத்தகைய தகட்டில் எழுதியிருப்பது வேறொரு வண்டியின் கதை.

மறுமொழி: ரவாங் ஓட்டுநர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பின்சக்கரம் தூக்குகிறது என்று தெரிந்ததும் பல இடங்களில் செய்யும் அடுத்த தவறு, இரண்டு பேரைப் பின்னால் எடைக்கட்டியின் மேல் ஏறி நிற்கச் சொல்வது. நான் முன்பு வேலை செய்த ஒரு தொழிற்சாலையில் இதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். ஒரு நாள் சுமையை லோரியில் இறக்கி வைத்த நொடியில், தூக்கிக்கொண்டிருந்த பின்பக்கம் தடாலென்று தரையில் விழுந்தது. மேலே நின்ற நண்பர் நிலைதடுமாறிக் கீழே விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அவர் மீண்டும் வேலைக்கு வர 5 மாதங்கள் ஆயின.

பின்னால் கூடுதல் எடை வைத்தால் சாய்வது மட்டும்தான் தள்ளிப்போகும். ஃபோர்க்கும், சங்கிலியும், மாஸ்ட்டும், முன் அச்சும் 2.5 டன்னுக்கு உரியனவாகவே இருக்கும். அவற்றின் மேல் விழும் பளு குறையாது. ஆகவே ஆளையோ இரும்பையோ பின்னால் ஏற்றும் யோசனை உங்கள் கொட்டகையில் எழுந்தால் அன்றே தடுத்துவிடுங்கள்.

மறுமொழி: உரக்கொட்டகை, சுங்கை சிப்புட் (கேள்வி கேட்டவர்)

டாச்சிங் தராசு என்று சொன்னதும் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது, ஐயா. என் பாட்டி ஒட்டுப்பால் விற்கப் போகும்போது அந்தக் கோலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்று மதிய இடைவேளையில் சிலவற்றை அளந்து வந்தேன். எங்கள் ஃபோர்க்கின் நீளம் 107 சென்டிமீட்டர். உறையின் நீளம் 200 சென்டிமீட்டர். உறைகள் இரண்டையும் கொட்டகைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 76 கிலோ இருந்தன. மரப் பேலட் ஒன்று 25 கிலோ. ஆக, நான் தூக்கிய மொத்த எடை 2126 கிலோ.

ஒரு ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. கோலின் பிடிப்புக் கயிறு முன்சக்கர அச்சு என்றால், தூரத்தை அச்சிலிருந்துதானே அளக்க வேண்டும்? முன்சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபோர்க்கின் முகம் வரை அளந்தேன், 52 சென்டிமீட்டர் இருக்கிறது. அதையும் சேர்த்து, 2500ஐ 102ஆல் பெருக்கி 152ஆல் வகுத்தால் 1678 கிலோ வருகிறது. எளிய விதி 1250 என்கிறது. இரண்டில் எதைக் கிராணியிடம் சொல்வது?

மறுமொழி: பாதுகாப்புப் பயிற்றுநர், பேராக்

அச்சிலிருந்து அளக்க வேண்டும் என்று நீங்களாகவே கண்டுபிடித்தது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது. பயிற்சி வகுப்பில் அமர்ந்தவர்களில் பலருக்குக்கூட இது எளிதில் தோன்றுவதில்லை. உங்கள் முறை சரி. முன்னால் சாய்க்கும் திருப்புத்திறன் என்பது எடையையும், முன் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கி வருவதுதான். எளிய விதி அச்சுக்கும் ஃபோர்க்குக்கும் இடையிலுள்ள தூரத்தை விட்டுவிடுவதால், சுமை மையம் 50 சென்டிமீட்டரைத் தாண்டும்போது உண்மையைவிடக் குறைவான எண்ணைத் தருகிறது. குறைவாகத் தருவது பாதுகாப்பான பக்கத்தில் தவறுவதாகும். எனவே தரையில் நின்று மனக்கணக்காகப் போடுவதற்கு அதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் மையம் 50க்கு உள்ளே இருக்கும்போது அந்த விதியைத் தொடவே கூடாது. 40 சென்டிமீட்டருக்குப் போட்டால் 3125 கிலோ என்று வரும், அது பொய். சுமை எவ்வளவு குட்டையாக இருந்தாலும் தகட்டில் உள்ள எண்ணே உச்ச வரம்பு.

இப்போது உங்கள் 1678க்கு வருவோம். உங்கள் வண்டியில் சைட் ஷிஃப்டர் இருக்கிறதா? சுமையை இடமும் வலமும் நகர்த்தும் அந்தச் சட்டம் பொருத்தப்பட்டிருந்தால், நீங்கள் அளந்த 52 சென்டிமீட்டரில் அதன் தடிப்பும் அடங்கிவிட்டது. தகட்டில் உள்ள 2500 கிலோ அந்தச் சட்டம் இல்லாத நிலைக்கு உரியது என்றால், நீங்கள் போட்ட கணக்கு வண்டிக்கு இல்லாத வலிமையைக் கொடுத்துவிடுகிறது. தடிப்பு 5 சென்டிமீட்டர், அதன் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூல வண்டியின் தாங்குதிறன் 2500ஐ 97ஆல் (52இல் 5 போக, 50 சேர) பெருக்கிய 242500. அதில் அச்சிலிருந்து அரை மீட்டர் தொலைவில் தொங்கும் 70 கிலோ சட்டத்துக்காக 3500ஐக் கழித்தால் 239000. இதை 152ஆல் வகுத்தால் 1570 கிலோ அளவில் நிற்கிறது. நீங்கள் தூக்கிய 2126 கிலோ இந்த வரம்பை ஏறத்தாழ 35 விழுக்காடு தாண்டியுள்ளது. பின்சக்கரம் ஏன் இலேசானது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கவனியுங்கள்: இதே கணக்கின்படி ஒரே ஒரு பேலட்டைச் சுமை மையம் 50இல் தூக்கினாலும், சைட் ஷிஃப்டர் உள்ள உங்கள் வண்டியின் வரம்பு 2340 கிலோ அளவுக்குத்தான் வருகிறது. எந்தத் துணைக்கருவியைப் பொருத்தினாலும் தயாரிப்பாளரின் எழுத்து வடிவ ஒப்புதலும், அந்தக் கருவியோடு சேர்ந்த புதிய தகடும் வேண்டும் என்பது இதனால்தான். நாம் இங்கே போடும் கணக்கு ஆபத்தை அடையாளம் காண உதவும். அதை வைத்துப் புதிய வரம்பை நாமே நிர்ணயித்துக்கொள்ளக் கூடாது.

உறைகளைப் பற்றி ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. உறைக்குள் நுழையும் ஃபோர்க், உறையின் நீளத்தில் குறைந்தது 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். 200 சென்டிமீட்டர் உறைக்கு 120 சென்டிமீட்டர் ஃபோர்க் தேவை. உங்களிடம் இருப்பதோ 107. ஆகவே எடையைக் குறைத்துக்கொண்டாலும் அந்த உறை உங்கள் ஃபோர்க்குக்குப் பொருந்தாது. தாங்கலில்லாத நுனியில் ஒரு டன் பை நின்றால் உறை வளைவதோடு ஃபோர்க்கின் குதிகாலிலும் பளு குவிகிறது.

அந்தக் குதிகாலையும் ஒரு முறை அளந்து பாருங்கள். ஃபோர்க் மடங்கும் இடத்தில் தடிப்பு 10 விழுக்காடு தேய்ந்துவிட்டால், அதன் தாங்குதிறன் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்துவிட்டது என்று கொள்வது வழக்கம். உடனே மாற்றிவிட வேண்டும். 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபோர்க் 36ஐத் தொட்டுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

மறுமொழி: ரப்பர் கிடங்குக் கிராணி, தாப்பா

நானும் ஒரு கிராணிதான். கிராணிகளின் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் உங்கள் கிராணிக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். எங்கள் கிடங்கில் மலேசியத் தர ரப்பர் கட்டிகளைக் கையாளுகிறோம். ஒரு பெட்டியில் 36 கட்டிகள் இருக்கும். கட்டி 33.3 கிலோ என்றால் மொத்தம் 1.2 டன், 35 கிலோ கட்டி என்றால் 1.26 டன். இவ்வளவு தெளிவாக எடை தெரிந்த சரக்கில்கூடத் தவறு செய்தோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெட்டி 1.2 டன், அதனால் இரண்டு பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து 2.4 டன்னாக எடுத்துச் செல்லலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். வெற்றுப் பெட்டியின் எடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு, உயரத்தை நினைத்தே பார்க்கவில்லை. எங்கள் வண்டிக்கு மூன்று அடுக்கு மாஸ்ட் இருந்தது. தகட்டின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை உண்டு: 3 மீட்டர் வரை 2500, 4.5 மீட்டரில் 2100. அந்த வரிசையை அன்றுவரை எங்களில் யாரும் படித்ததில்லை. எங்கள் ஓட்டுநர் மறுத்ததால்தான் நான் அதைத் தேடிப் படித்தேன். இன்றும் அவருக்கு நான் நன்றியுடையவள்.

உயரே போகப் போக மாஸ்ட் சற்று நெகிழும். தரையில் ஒரு விரல் அளவு சரிவு இருந்தாலும் 4 மீட்டர் உயரத்தில் அது பெரிய விலகலாகும். சுமையை வைப்பதற்காக மாஸ்ட்டை முன்னால் சாய்க்கும்போது சுமை மையம் இன்னும் வெளியே போகிறது. எனவே உயரத்தில் முன்சாய்வைச் சுமை அடுக்கின் மேல் வந்து நின்ற பிறகுதான், அதுவும் மிக மெதுவாகத்தான், பயன்படுத்த வேண்டும். தரையில் ஓட்டிப் போகும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள், மாஸ்ட் பின்சாய்வாக இருக்க வேண்டும். சரிவில் சுமை எப்போதும் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். இறங்கும்போது பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். சரிவில் வண்டியைத் திருப்பவே கூடாது.

உரக்கொட்டகையில் எடை சீட்டில் எழுதியபடியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். மழையில் நனைந்த உரம் சீட்டில் இருப்பதைவிடக் கனக்கும். ஐயம் இருந்தால் தோட்டத்து எடை மேடையில் ஒரு பேலட்டை வைத்துப் பாருங்கள். 10 நிமிட வேலை. ஜம்போ பையைப் பேலட் இல்லாமல் அதன் காதுகளில் மாட்டித் தூக்கினால் பை ஊசலாடும். ஊசல் முன்னால் போகும் ஒவ்வொரு முறையும் சுமை மையமும் முன்னால் போகிறது. பாதி நிரம்பிய திரவத் தொட்டிக்கும் இதே கதைதான்.

மறுமொழி: உரக்கொட்டகை, சுங்கை சிப்புட் (கேள்வி கேட்டவர்)

பயிற்றுநர் கேட்டது போலவே சைட் ஷிஃப்டர் இருக்கிறது. தடிப்பும் நீங்கள் ஊகித்த 5 சென்டிமீட்டர்தான். தகட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. உயர அட்டவணையும் இல்லை. எங்கள் முற்றம் செம்மண் தரை. கொட்டகை வாசலில் ஒரு சிறு சரிவும் உண்டு. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் இதுவரை கவிழாமல் இருந்ததே எனக்கு அச்சத்தைத் தருகிறது. நாளைக் காலை கிராணியிடம் பேசப் போகிறேன். அவர் ஏற்காவிட்டால் மறுப்பதற்கு எனக்கு உரிமை உண்டா? எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலையும் வேண்டும்.

மறுமொழி: பாதுகாப்புப் பயிற்றுநர், பேராக்

உரிமை உண்டு. நம் மலேசிய நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 1 ஜூன் 2024 முதல் நடப்பில் உள்ளது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளர் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பாதுகாப்பான இயந்திரத்தையும், செய்முறையையும், பயிற்சியையும் தருவது அதே சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி முதலாளியின் கடமை. அதை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்ச வரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டுள்ளது.

ஆனாலும் சட்டத்தை முதல் வாக்கியமாக வைக்காதீர்கள். எடைகளையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், தெரிவித்த தேதியோடு ஒரு படியைக் கிராணியிடம் கொடுத்து, ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தெரிவித்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று. முடிந்தால் அவரையே ஃபோர்க்கின் முகத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.

செம்மண் தரையைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமானது. தகட்டில் உள்ள எண்கள் உறுதியான, சமமான தரைக்கு உரியவை. 2.5 டன் வண்டி வெறுமையாகவே ஏறத்தாழ 3.7 டன் எடை கொண்டது. சுமையோடு சேரும்போது அதன் பெரும்பகுதி முன்சக்கரங்கள் இரண்டின் மேல்தான் விழுகிறது. மழைக்குப் பின் நெகிழ்ந்த மண்ணிலும், சாக்கடை மேல் போட்ட பலகையிலும் அந்த எடையோடு ஏற வேண்டாம். இன்னும் ஒன்று, இருக்கைப் பட்டையை மாட்டாமல் ஓட்டாதீர்கள். வண்டி கவிழத் தொடங்கினால் குதிக்கக் கூடாது; இருக்கையோடு ஒட்டி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். குதித்தவர்கள்மேல்தான் கூரைச் சட்டம் விழுகிறது.

மறுமொழி: உரக்கொட்டகை, சுங்கை சிப்புட் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. இன்று காலை கிராணியிடம் பேசினேன். தாளைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். பிறகு அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். டாச்சிங் தராசைப் பற்றிச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் நின்றார்; அவர் அப்பா கட்டிப்பால் நிறுத்த காலத்தை நினைவுகூர்ந்தார். உறைகளைக் கழற்றிக் கொட்டகையின் பின்புறம் பூட்டி வைத்துவிட்டோம். ஒரு தடவைக்கு ஒரு பேலட் என்று அவரே சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினார்.

லோரி ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். 10 பைகளை ஏற்ற முன்பைவிட 20 நிமிடம் கூடுதலாக ஆனது. வண்டியை விற்றவரிடம் தொலைபேசியில் பேசி, சைட் ஷிஃப்டரையும் இப்போதுள்ள மாஸ்ட்டையும் சேர்த்துத் தயாரிப்பாளரின் முகவரிடமிருந்து புதிய தகடு வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறோம். வண்டி எண்ணையும், மாஸ்ட்டில் பொறித்துள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மாஸ்ட்டின் எண் துருவுக்கு அடியில் மறைந்திருக்கிறது. நாளை காலை கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும்.